தூம்புத் தண்ணீர்

அடுத்தவர்கள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்கென்றே ஒருத்திக்குச் சம்பளம் கொடுப்பார்கள் என்பது சின்னப்பொண்ணுவுக்கு இந்த வயதில்தான் தெரிந்தது. மேஸ்திரியும் நிற்பான்தான், ஆனால் அவன் அதட்டுவதற்கு நிற்கிறவன். இவள் அதட்டவும் மாட்டாள், அவசரப்படுத்தவும் மாட்டாள். பேர் நர்மதா. தொல்லியல் படித்தவள். பழைய கோயிலைச் சுற்றி எங்கே கடப்பாரை விழுந்தாலும் அங்கே வந்து குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பழைய ஓடு, எலும்பு, செதுக்கின கல் என்று எதுவாவது தலைகாட்டினால் "நிறுத்துங்க" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் உத்தியோகம். மாசியில் வந்தவள், ஐப்பசி பிறக்கப் போகிறது, அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும் பாக்கியம் அவளுக்கு இன்னும் வாய்க்கவில்லை.

சைட் இன்ஜினியர் மோகன்ராஜுக்கு அதில் ஒரே இளக்காரம். "இன்னா மேடம், இன்னிக்காவது ஒரு ராஜா வெளிய வந்தாரா?" என்று காலையில் கேட்பான். சாயங்காலம் மறுபடியும் கேட்பான். நர்மதா சிரிக்கவும் மாட்டாள், கோபப்படவும் மாட்டாள். அவளுக்குச் சொந்த ஊர் பொதட்டூர்பேட்டை. கும்மிடிப்பூண்டியில் கம்பெனிப் பெண்கள் தங்குகிற விடுதியில் ஒரு கட்டில் பிடித்திருந்தாள். ஒப்பந்த வேலை. இது முடிந்தால் அடுத்தது உண்டா இல்லையா என்று சொல்வாரில்லை. நின்று நின்று கால் வீங்கி, மதியத்துக்கு மேல் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் நிற்பாள். அதைப் பார்த்துத்தான் சின்னப்பொண்ணுவுக்கு அவள் மேல் இரக்கம் வந்தது. பயம் என்று பார்த்தால், அதுவும் அவள் மேல்தான்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. கோயிலின் தென்புறச் சுவரோரம், கல் தூம்புக்கு நேர் கீழே, சின்னப்பொண்ணுவின் தலைப்பிள்ளை மண்ணுக்குள் கிடந்தான்.

கோயில்மேட்டு ஊர் ஜனங்கள் கோயில் என்று சொல்வது கிறிஸ்தவத் தேவாலயத்தைத்தான். பறங்கியர் காலத்தில் கட்டியது என்பார்கள். அதற்கும் முந்தின அடித்தளம் கீழே இருக்கிறது என்று சொல்கிறவர்களும் உண்டு. ஜனங்கள் நின்று பூசை கண்ட பகுதிக்குக் கூரை விழுந்து எத்தனையோ தலைமுறை ஆயிற்று. சுவரில் ஆலங்கன்று முளைத்தது, உள்ளே ஆடு மேய்ந்தது, சீட்டாடுகிறவர்கள் நிழலுக்கு ஒதுங்கினார்கள். ஊர் தன் பாட்டுக்குச் சாலையோரம் ஒரு ஓட்டுக் கோயிலைக் கட்டிக்கொண்டு போய்விட்டது. ஆனால் பழைய கோயிலில் பீடத்துக்கு மேலிருந்த வளைவு மட்டும் விழவேயில்லை. அதன் மேல் பெய்கிற மழையெல்லாம் தென்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் கல் தூம்பு வழியாகக் கீழே கொட்டும். பீடத்தின் தலையைத் தொட்டு வருகிற தண்ணீர் அது. ஊர்ப் பெண்களுக்கு அதுதான் முக்கியம்.

ஞானஸ்நானம் வாங்காமல் கண்ணை மூடிய பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்று அன்றைக்கிருந்த உபதேசியார் ஒரே போடாகப் போட்டுவிடுவார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! அதனால் பெண்கள், ஆண்களிடம் மூச்சு விடாமல், தங்களுக்கென்று ஒரு வழி வைத்திருந்தார்கள். புதுப் பானை ஒன்று வாங்குவார்கள். தென்னமட்டையில் நெருப்பு மூட்டி, சாம்பிராணி போட்டு, அந்தப் புகைமேல் பானையைக் கவிழ்த்துப் பிடிப்பார்கள். பானையின் வாயும் உள்புறமும் கரேலென்று ஆகிற வரைக்கும் பிடிக்க வேண்டும். அப்போதுதான் கெட்டது எதுவும் உள்ளே அண்டாது. பிள்ளையை அதில் வைத்து, மண் மடக்கால் மூடி, தூம்பு கொட்டுகிற இடத்தில் புதைப்பார்கள். ஒரு தரம்கூடத் தண்ணீர் வாங்காத பிள்ளைக்கு அப்புறம் ஒவ்வொரு மழைக்கும் ஞானஸ்நானம்.

சின்னப்பொண்ணுவின் பிள்ளைக்கு இதையெல்லாம் செய்தது அவள் மாமியார். பிள்ளை பிறந்து கொஞ்ச நேரம் உயிரோடு இருந்தது. அதுதான் கொடுமை. உபதேசியாரைக் கூப்பிட ஆள் ஓடியது. ஆள் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. புருஷன் ஜெயராஜ் இரும்புக் கம்பெனியில் ஷிப்டில் இருந்தான். பிற்பாடு ஒரு தவக்காலத்தில் ஊருக்கு வந்த கன்னியாஸ்திரீ சொன்னாள்: ஆபத்தில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றலாம், பெற்றவளே ஊற்றலாம், பேரைச் சொல்லி ரெண்டு வார்த்தை சொன்னால் போதும். கேட்டுக்கொண்டிருந்த சின்னப்பொண்ணு எழுந்து வெளியே வந்துவிட்டாள். கைக்கெட்டுகிற தூரத்தில் சொம்பு நிறையத் தண்ணீர் இருந்ததே! அன்றிலிருந்து அந்தச் சொம்பை நினைக்காத மழை அவளுக்குக் கிடையாது. தூம்பு கொட்டுகிற சத்தம் காதில் விழுந்தால்தான் நெஞ்சு கொஞ்சம் ஆறும்.

இப்போது கோயிலைக் காப்பாற்றுகிறோம் என்று வந்திருக்கிறார்கள். காப்பாற்றட்டும், யார் வேண்டாமென்றது? கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்துச் சுண்ணாம்பு அரைத்து, விரிசலெல்லாம் அடைத்து, ஆலங்கன்றை வேரோடு பிடுங்கி, எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. கடைசியில் தென்புறச் சுவரில் ஈரம் ஏறுகிறது, அதை ஒட்டிப் பள்ளம் வெட்டி வடிகால் போட்டால்தான் சுவர் நிற்கும் என்றார்கள். கேள்விப்பட்ட அன்றைக்கே சின்னப்பொண்ணு, கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவிய வேலையை விட்டுவிட்டு, சித்தாளாக வந்து சேர்ந்தாள்.

"முட்டி தேஞ்சி போய்க்கீது, மண்ணு தூக்கப் போறியா? ஒனக்கு இன்னா பைத்தியமா?" என்றான் ஜெயராஜ்.

"கோயில் வேல. புண்ணியம்" என்றாள். அவன் இருமிக்கொண்டே திரும்பிப் படுத்துவிட்டான்.

பள்ளம் மேற்கிலிருந்து தூம்பைப் பார்த்து நகர்ந்தது. அவள் தலையில் ஏறி இறங்குகிற ஒவ்வொரு பாண்டுச் சட்டி மண்ணும் பிள்ளையை நெருங்கியது. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் உட்கார முடியாது, உட்கார்ந்தால் எழ முடியாது. ஆனாலும் விடிந்ததும் சும்மாட்டுத் துணியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். தான் அங்கே நிற்காவிட்டால் பிள்ளையைக் கடப்பாரையால் குத்திவிடுவார்கள் என்ற பயம். நின்று என்ன செய்யப் போகிறோம் என்பதும் தெரியவில்லை.

முதலில் பாம்பு என்று ஒரு கதையைப் பிடித்தாள். "சார், தூம்பாண்ட புத்து கீது சார். நல்ல பாம்பு. என் கண்ணால பாத்தேன். அந்தப் பக்கம் வோணாம் சார்" என்று மோகன்ராஜிடம் சொன்னாள். அவன் அசரவில்லை. பாம்பு பிடிக்கிறவனையே வரவழைத்துவிட்டான். வந்தவன் கிளறு கிளறென்று கிளறி, ஒரு ஓணானைத் துரத்திவிட்டு, காசை வாங்கிக்கொண்டு போனான். கூட வேலை செய்கிற முத்தம்மா அதற்குள் பயந்துபோய்ப் பெரியபாளையத்தம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். "ஏண்டி, ஒரு ஓணானுக்கா என்ன எங்கம்மனாண்ட வேண்டிக்க வெச்ச?" என்று நாளெல்லாம் அவளைப் பிடித்துக்கொண்டாள்.

அப்புறம், எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் சின்னப்பொண்ணு தானே கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு தூம்படிக்குப் போனாள். பானையை எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டு ஓடிவிடலாம், வேறெங்காவது வைக்கலாம். எங்கே வைப்பது என்று யோசிக்கவில்லை. நாலு குத்துக்கே தோள்பட்டை கழன்றது. தரை காய்ந்து கல்லாகிக் கிடந்தது.

"யக்கா."

நர்மதா வெறுங்காலோடு நின்றிருந்தாள். "நான் இல்லாதப்ப தோண்டக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்லக்கா?"

"சும்மா மேடம். மண்ணு சரிஞ்சி கெடந்திச்சி, சரி பண்ணலாம்னு."

"கடப்பாரைய வெச்சிட்டு வாங்க. தயிர்சாதம் நெறைய இருக்கு, என்னால சாப்பிட முடியல."

ரெண்டு பேரும் சுவர் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். "இந்த வேல முடிஞ்சா இன்னா பண்ணுவ மேடம்?" என்று சின்னப்பொண்ணு கேட்டாள். நர்மதா ஊறுகாயைத் தொட்டபடி, "தெரியலக்கா. எத்தன எடத்துல நின்னிருக்கேன், ரோடு போடற எடம், பைப் பொதைக்கிற எடம்... ஒரு தடவ கூட எதுவும் கெடைக்கல. என் ராசி அப்படி. எங்கம்மா கேட்டா இன்னிக்கும் மண்ணைப் பாத்தேம்மான்னு சொல்லுவேன்" என்றாள். சின்னப்பொண்ணுவின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் என்ன ஆகும்? எலும்பு என்றால் போலீஸ் வரும், தாசில்தார் வருவார், பிள்ளையைப் பெட்டியில் போட்டு எடுத்துப் போவார்கள், ஊரே வாயைப் பிளக்கும். சோற்றோடு சேர்த்து அதையும் விழுங்கிவிட்டாள்.

பானை வெளியே வந்தது வெள்ளிக்கிழமை. முத்தம்மாவின் மண்வெட்டி 'டொக்' என்றது. "நிறுத்துங்க!" என்று நர்மதா போட்ட சத்தத்தில் வளைவின் மேலிருந்த புறாவெல்லாம் பறந்தன. குடையைத் தூக்கி எறிந்துவிட்டுப் பள்ளத்தில் குதித்தாள். சின்னக் கரண்டியால் சுரண்டி, தூரிகையால் தள்ளித் தள்ளி, மண்ணை விலக்கினாள். முதலில் ஒரு மண் மூடி தெரிந்தது, மண்வெட்டி பட்ட இடத்தில் விரிசல் விட்டு. மூடிக்குக் கீழே பானையின் வாய், கறுப்பு. கழுத்துக்குக் கீழே வயிறு, சிவப்பு.

"கறுப்பு சிவப்பு" என்றாள் நர்மதா, தனக்குத்தானே. "ஐயோ, கறுப்பு சிவப்பு!"

இந்தப் பக்கத்தில் ரெண்டாயிரம், ரெண்டாயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முன்னால் பானையைக் கவிழ்த்து வைத்துச் சுடுவார்களாம். அப்படிச் சுட்டால் வாயும் உள்புறமும் கறுக்கும், வெளியே சிவப்பாக நிற்கும். அந்த மாதிரித் தாழியில்தான் செத்தவர்களைப் புதைப்பார்களாம். தொல்லியல் படித்தவர்களுக்கு அது முதல் பாடம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். சாம்பிராணிப் புகை மட்டும் எந்தப் பாடத்திலும் வராது.

நர்மதா மண் கையைத் துடைத்துக்கொண்டு மேலதிகாரியைக் கூப்பிடப் போனை எடுத்தாள். "சார், தாழி சார். மூடியோட இருக்கு சார். சின்னது, கொழந்தையா இருக்கும்னு தோணுது... ஆமா சார், கோயிலுக்கும் முன்னாடி! ரெண்டாயிரம் வருஷம் முன்னாடி!" அடுத்தது பொதட்டூர்பேட்டைக்கு. "யம்மா, கெடைச்சிடுச்சிம்மா." அதற்கு மேல் பேச வரவில்லை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். இத்தனை மாதத்தில் அவள் பல் தெரிந்தது அன்றைக்குத்தான்.

"கெணறு வெட்ட பூதம் கெளம்பின கத" என்று மோகன்ராஜ் தலையில் அடித்துக்கொண்டான். "வேல நின்னுச்சா? மழைக்குள்ள முடிச்சாப்பலதான்."

நர்மதா எல்லாருக்கும் டீயும் மசால்வடையும் வாங்கி வரச் செய்தாள். முதல் டீயைச் சின்னப்பொண்ணுவிடம் தானே கொண்டுவந்து நீட்டினாள். "உங்களுக்குத்தாங்க்கா மொதல்ல. நீங்கதான் அந்த மூலையவே சுத்திச் சுத்தி வந்தீங்க. உங்க கைராசிதான்."

சின்னப்பொண்ணு டீயை வாங்கிக்கொண்டு நின்றாள். "அத இன்னா பண்ணுவாங்க மேடம்?"

"இங்க தொறக்க மாட்டோம். நாளைக்கிக் காலைல மெட்ராஸ்லேர்ந்து வண்டி வருது. சுத்தி இருக்கற மண்ணோட அப்படியே தூக்கிக்கினு போயி, ஆராய்ச்சி பண்ணி, அப்புறம் மியூசியத்துல கண்ணாடிப் பெட்டில வெப்பாங்க. ஸ்கூல் பசங்கல்லாம் வந்து பாப்பாங்கக்கா."

டீ ஆறி, மேலே ஆடை படிந்தது. அவள் குடிக்கவில்லை.

சாயங்காலம் வீட்டில் உலை வைக்கத் தோன்றாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். சிப்காட் ஷிப்டு முடிந்த பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. ஜெயராஜ் டீக்கடையிலிருந்து வந்தான். இரும்புக் கம்பெனியை விட்டு நின்ற பிறகு அவனுக்கு டீக்கடைதான் கம்பெனி.

"இன்னாமே, கோயிலாண்ட இன்னாமோ தாழி கெடச்சிதாமே? கடையில அதான் பேச்சு."

அவள் பேருந்துப் புழுதியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் இருமினான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "தூம்பாண்டயா?" என்றான்.

சின்னப்பொண்ணு நிமிர்ந்து பார்த்தாள். "ஒனக்கு எப்புடித் தெரியும்?"

"எங்கம்மா சாவறப்ப சொன்னிச்சி."

"அப்பவே தெரியுமா? தெரிஞ்சிக்கினா இத்தினி வருஷம் வாயத் தொறக்கல?"

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

"நீ கேட்டாத்தானய்யா சொல்லுவேன்! பொறந்தது இன்னா, போனது இன்னா, எங்க வெச்சீங்கன்னு ஒரு வார்த்த கேட்டியா நீ? ஷிப்டு முடிஞ்சி வந்து சோறு துன்னுட்டுப் படுத்த!"

ஜெயராஜ் படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். "பயமா இருந்திச்சி" என்றான். "நாளைக்கி வண்டி வர்றதுக்குள்ள அந்தப் பொண்ணாண்ட சொல்லிடு. நீ சொல்லலேன்னா நான் வந்து சொல்லுவேன்."

காலையில் யாரும் வருவதற்கு முன்னால் அவள் போய்விட்டாள். நர்மதா அதற்கும் முன்னால் வந்திருந்தாள். நல்ல புடவை கட்டி, தலையில் ஒரு முழம் மல்லிகை. அதைப் பார்த்ததும் சின்னப்பொண்ணுவுக்கு அழுகை முட்டியது. ஆனாலும் சொன்னாள்.

"மேடம், அது எம்புள்ள."

நர்மதாவுக்கு முதலில் விளங்கவில்லை. சின்னப்பொண்ணு எல்லாவற்றையும் சொன்னாள்: உபதேசியார், புகை, கவிழ்த்த பானை, தூம்புத் தண்ணீர். "இல்லக்கா, நீங்க வேற எங்கியோ வெச்சிருப்பீங்க, இது பழசு" என்றாள் நர்மதா, கெஞ்சுகிற குரலில்.

"மூடி ஒடஞ்ச எடத்துல லைட்டு அட்ச்சிப் பாருங்க. நீலக் கலரு துணி தெரியும். வெள்ளப்பூ போட்டது. என் நைலக்ஸ் பொடவ மேடம். அது மக்காது."

நர்மதா பள்ளத்தில் இறங்கி மண்டியிட்டாள். செல்போன் வெளிச்சத்தை விரிசலில் பிடித்தாள். பார்த்தபடியே இருந்தாள். எழுந்திருக்கவில்லை. நல்ல புடவை முழங்காலில் மண்ணாயிற்று.

"நேத்தே சொல்லியிருக்கலாமேக்கா" என்றாள். "எங்கம்மா தெருவெல்லாம் சொல்லியிருப்பாங்க. ஒரு நாள்க்கா. ஒரே ஒரு நாள் சந்தோஷமா இருந்தேன்."

"தப்புதான் மேடம். பயந்துக்கினேன்."

"இப்ப புது எலும்புன்னு சொன்னா போலீசக் கூப்பிடணும். எடுத்துக்கினு போவாங்க. உங்கள ஒக்கார வெச்சிக் கேள்வி கேப்பாங்க." தலையிலிருந்த பூவை உருவிப் பையில் போட்டாள். "கூப்பிடாம வுட்டா அது என் தப்பு." சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அப்புறம் போனை எடுத்தாள்.

"சார், வண்டிய அனுப்பாதீங்க. தாழி இல்ல சார். சோத்துப் பான. புகை பட்டுக் கறுத்திருக்கு... ஆமா சார், நேத்து அவசரப்பட்டுட்டேன்... என் தப்புதான் சார்... சரி சார்... சரி சார்."

அந்தப் பக்கம் கத்துகிறது சின்னப்பொண்ணுவுக்கே கேட்டது. வேலைக்கு வந்த மோகன்ராஜ் விஷயம் தெரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தான். "சோத்துப் பானைக்கா மேடம் மசால்வட வாங்கிக் குட்தீங்க? அதுல சோறாவது மிச்சம் இருந்திச்சா?" ஆட்களும் சிரித்தார்கள். சின்னப்பொண்ணுவுக்கு அவன் வாயில் ஒரு பாண்டு மண்ணை அள்ளிக் கொட்ட வேண்டும்போல இருந்தது. நர்மதா பள்ளத்தைக் காட்டினாள். "இந்த எடத்துல சுவரோட அடித்தளம் வரைக்கும் தோண்ட வேணாம். மணலப் போட்டு மூடிட்டு, இங்கேர்ந்து கெழக்குக் கோடி வரைக்கும் பள்ளத்தச் சுவர விட்டுத் தள்ளி வெட்டுங்க" என்றாள். அதைச் சொல்ல அவளுக்கு அதிகாரம் இருந்தது. மோகன்ராஜ் முணுமுணுத்துக்கொண்டே கயிற்றைப் பிடித்துப் புதுக் கோடு போட்டான். பானையைச் சுற்றி மணலை அள்ளிப் போட்டது சின்னப்பொண்ணுதான். வேறு யாரையும் நர்மதா இறங்க விடவில்லை.

போட்டு முடித்து நிமிர்ந்தபோதுதான் மேலே பார்த்தாள். சாரத்தில் ரெண்டு பேர் தூம்பின் வாயில் ஒரு பிளாஸ்டிக் பைப்பைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள்.

"மேடம், அது இன்னாத்துக்கு?"

"தூம்புத் தண்ணி சுவரோரம் விழாம, நேரா வடிகாலுக்குப் போறதுக்குக்கா."

"அது வோணாம் மேடம். பள்ளம் தள்ளிப் போவட்டும், பைப்பு மட்டும் வோணாம். அந்தத் தண்ணி வுழுவணும்னுதான மேடம் அங்க வெச்சோம்!"

நர்மதா அவள் கையைப் பிடித்துச் சுவரண்டை கூட்டிப் போனாள். உப்புப் பூத்து, விரல் பட்டாலே செங்கல் மாவாக உதிர்ந்தது. "பாருங்க. இத்தன வருஷமா அந்தத் தண்ணிதான் இதத் தின்னிருக்கு. இன்னும் கொஞ்ச நாள் விட்டா வளைவோட மொத்தச் சுவரும் சரிஞ்சி அவன் மேலதான் விழும். இத நிறுத்தத்தான்க்கா இந்த வேலையே. இதுல எனக்கு அதிகாரமில்ல. இருந்தாலும் சொல்ல மாட்டேன்."

சின்னப்பொண்ணு உதிர்ந்த செங்கல் தூளைக் கையில் வைத்துப் பார்த்தாள். பாண்டை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு மண் சுமக்கப் போனாள்.

மாதக் கடைசியோடு நர்மதாவின் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டார்கள். போகிற அன்றைக்குத் தோளில் பையோடு தூம்படிக்கு வந்து நின்றாள். "இந்தச் சுவரோரம் இன்னும் எத்தன பேர்க்கா இருக்காங்க?" என்று கேட்டாள்.

"யார் எண்ணுனாங்க மேடம்?"

"அதான் பள்ளத்தக் கோடி வரைக்கும் தள்ளி வெட்டச் சொன்னேன்" என்றாள். ஷேர் ஆட்டோ வந்தது, ஏறிப் போய்விட்டாள். வீங்கின காலை அவள் படியில் தூக்கி வைத்தது சின்னப்பொண்ணுவின் கண்ணிலேயே நின்றது.

மழை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தது. ஆரணியாற்றுப் பக்கம் கறுத்து, சடசடவென்று பிடித்துக்கொண்டது. சின்னப்பொண்ணு சோற்றைப் பிசைந்தவள் அப்படியே காது கொடுத்துக் கேட்டாள். ஓட்டில் சத்தம், தகரத்தில் சத்தம், சாலையில் லாரிச் சத்தம். தூம்பு கொட்டுகிற சத்தம் மட்டும் இல்லை. கையைக் கழுவிவிட்டு மழையில் இறங்கி நடந்தாள்.

கோயில் கம்பீரமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. புதுச் சுண்ணாம்பில் சுவர் வெளுப்பாக நின்றது. பைப் முனையிலிருந்து தண்ணீர் வடிகாலில் சலசலவென்று விழுந்து, குளத்தைப் பார்த்து ஓடியது. தூம்புக்குக் கீழே வெறும் மழை பெய்துகொண்டிருந்தது.

பின்னாலேயே ஜெயராஜ் வந்தான். தலையில் சாக்கு, கையில் குளியலறை வாளி.

"மழதான் பெய்யுதே, அவன் நனையத்தான நனையறான்?" என்றான்.

"இது வானத்துத் தண்ணி. அது பீடத்துத் தண்ணி."

அவன் வாதாடவில்லை. வடிகாலோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பைப் முனையில் வாளியைப் பிடித்தான். இருமல் அவனைக் குலுக்கியது; வாளியை மட்டும் விடவில்லை. நிறைந்ததும் ரெண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து அவள் காலடியில் வைத்தான்.

"ஊத்து."

சின்னப்பொண்ணு கையைக் குவித்துத் தண்ணீரை அள்ளினாள். அள்ளியவள் அப்படியே நின்றாள். விரலிடுக்கில் தண்ணீர் ஒழுகித் தீர்ந்தது.

"இன்னாமே?"

"பேரு சொல்லி ஊத்தணும். இவனுக்கு இன்னா பேரு?" என்றாள். "ராபின்னுதான வெக்கறதா இருந்தோம்? அத எட்த்துச் சின்னவனுக்கு வெச்சிட்டோமே. இவனுக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். அதையும் புடுங்கிட்டோமே!"

அவர்கள் மகன் ராபின், ஒரகடத்தில் ஃபிட்டர், வாரம் ஒரு தரம் போன் செய்கிறவன், தன் பேருக்கு முன்னால் ஒரு சொந்தக்காரன் இருந்தான் என்பதே தெரியாதவன். ஜெயராஜ் சாக்கை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"புடுங்கல" என்றான். "இவன்துதான் அது. தம்பிக்கு எரவல் குட்த்துருக்கான். நீ ஊத்து."

அவள் மறுபடி அள்ளினாள். "ராபின்" என்றாள் மண்ணைப் பார்த்து, வெளியே விளையாடுகிற பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி. அப்புறம் பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பேரைச் சொல்லி மூன்று கை ஊற்றினாள். மண் குடித்துக்கொண்டது.

வாளியில் பாதிக்கு மேல் மிச்சமிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு, பேர் தெரியாத மற்றப் பிள்ளைகள் கிடக்கிற சுவரோரம் நெடுகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே போனாள். காலியானதும் ஜெயராஜ் வாளியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, இருமியபடியே, மறுபடி பிடிக்கப் போனான்.